மூணு கோட்டு பச்சை

பசித்தவனின் கோபம் ஒரு ரகம். முந்தின இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, காலையில் ஒரு வாய் காப்பிகூட இல்லாமல், ரத்தம் எடுக்க வருகிறவளுக்காகச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் சர்க்கரைக்காரரின் கோபம் வேறு ரகம். அதை மட்டும் ஒரு பேட்டரியில் பிடித்து அடைக்க முடிந்தால் ஊர் முழுக்க ஒரு வாரம் விளக்கு எரியும். எங்கள் தெருவிலும் சுற்றியுள்ள ஐந்து தெருக்களிலுமாக அப்படிப் பதினான்கு பேர் இருந்தார்கள். அவர்கள் கொதித்த கொதிப்பில்தான் அந்த வருஷம் மழைமேகம் பயந்துபோய்ச் சீக்கிரம் கலைந்தது என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். நம்பவேண்டாம். ஆனால் மழை நின்றது உண்மை.

அவர்கள் காத்திருந்தது என் கீழ்வீட்டு ஊசியக்காவுக்காக. ஊசியக்கா என்பது தெரு வைத்த பெயர். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்காக வீடுவீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவள். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பதினான்கு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் ரப்பர் பட்டையைக் கையில் கட்டி, நரம்பைத் தட்டி எழுப்பி, குத்தி, டியூபில் பெயரும் நேரமும் எழுதி, ஐஸ் பெட்டியில் அடுக்கவேண்டும். பத்து மணிக்குள் பெட்டி ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் கூடத்துக்குப் போய்ச் சேரவேண்டும். தாமதமானால் ரத்தம் கெட்டுவிடும், கணக்கு தப்பாக வரும், பெட்டியைத் திருப்பிவிடுவார்கள்.

முன்பெல்லாம் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவாள். ஆறு வீட்டுக்கு மேல் முடியாது. முப்பத்தெட்டாவது வயதில் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகினாள். பழகின மாதத்தில் எங்கள் தெரு மின்கம்பங்கள் எல்லாம் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டன. அதன்பிறகுதான் பதினான்கு வீடு கொண்ட முழு ரூட்டையும் அவளுக்குக் கொடுத்தார்கள்.

அவள் கணவருக்கு வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் தொழில். தெரு அவருக்கு வைத்த பெயர் மூணு கோட்டு. வீட்டுக்காரர் ஒரு கோட்டு போதும் என்பார், இரண்டு என்று பேசி முடிப்பார்கள், இவர் யாருக்கும் தெரியாமல் மூன்றாவதையும் அடித்துவிட்டு வருவார். பீரோவுக்குப் பின்னால் அடிப்பார். கதவின் மேல் விளிம்பில் அடிப்பார்.

“அங்க யாருங்க பாக்கப் போறா, பல்லியா?” என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“பல்லிக்குக் கண்ணு இல்லையா சார்?” என்றார்.

நான் மேல்மாடிக் குடியிருப்பு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஜன்னலை அந்தப் பக்கமாக வைத்துக் கட்டியிருக்கிறார்கள், அதற்கு நான் என்ன செய்ய?

அந்த ஜன்னல் வழியாகத்தான் எல்லாம் ஆரம்பித்ததைப் பார்த்தேன். மழைக்காலத்தில் பெயிண்டருக்கு வேலை கிடையாது. ஊசியக்கா தன் தங்கையின் பிரசவத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போயிருந்தாள். எட்டு நாள். மூணு கோட்டு என்ன செய்தார்? சிவப்பு போய்ச் சாம்பல் பூத்துக் கிடந்த அவள் வண்டியைப் பிரித்தார். சும்மா பிரிக்கவில்லை, கோழியை உரிப்பதுபோல் உரித்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். துருவெல்லாம் எடுத்தார். அந்த ஒரு வாரம் அவர்கள் வீட்டுக் கொடியில் துணி காயவில்லை. கம்பியில் கோத்த போல்ட்டும் நட்டும் வாஷரும் காய்ந்தன. எல்லாம் பச்சை. புதுத் தளிரில் வெயில் பட்டால் வருமே, அந்தப் பச்சை. மூன்று கோட்டு.

ஊசியக்கா திரும்பி வந்தாள். பையைக் கீழே வைத்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

“நம்பர் பிளேட்டை மட்டும் விட்டுவெச்சிருக்கீங்களே, அது என்ன பாவம் பண்ணுச்சு?” என்றாள்.

சொல்லிவிட்டுத் துப்பட்டா நுனியால் டேங்க்கின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தாள். மூன்று தடவை துடைத்தாள். மூணு கோட்டு அன்று வீட்டுக்குள் நடந்தாரா மிதந்தாரா என்று எனக்குச் சந்தேகம்.

இரண்டே நாள். மூன்றாம் நாள் காலையில் கீழே ‘க்ளக்’ என்று ஒரு சத்தம். மறுபடி ‘க்ளக்’.

“ஏங்க! செத்துப்போச்சு!”

மூணு கோட்டு பல் துலக்கிய நுரையோடு ஓடி வந்தார். “யாரு?”

“உங்க வண்டி.”

“பெயிண்ட்டுதான் என்னுது. வண்டி உன்னுது.”

“செல்ஃப் எடுக்கமாட்டேங்குது. விளக்கைப் பாருங்க, மின்மினி மாதிரி இருக்கு.”

அது கிக்கர் இல்லாத வண்டி. பொத்தானை அமுக்கினால்தான் கிளம்பும், இல்லாவிட்டால் தள்ளவேண்டும். மூணு கோட்டு தள்ளினார். கிளம்பிவிட்டது. ஆனால் ஊசியக்காவுக்குப் பதினான்கு வீடு இருக்கிறதே? ஒவ்வொரு வீட்டிலும் வண்டி நிற்கும். ஒவ்வொரு வீட்டிலும் தள்ளவேண்டும். தள்ளுவதற்கு யார் இருக்கிறார்கள்? அந்தந்த வீட்டுச் சர்க்கரைக்காரர்தான். வெறும் வயிற்றோடு, கையில் பஞ்சை அமுக்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டித் தள்ளினார்கள். தள்ளித் தள்ளியே மூன்று பேருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டதாக ஒரு பேச்சு. மற்ற பதினோரு பேருக்கும் ரத்த அழுத்தம் ஏறியதை நானே கேட்டேன், மாடியிலிருந்தே கேட்டது.

பெட்டி கூடத்துக்குப் போனபோது மணி பத்தரை. திருப்பிவிட்டார்கள். மறுநாள் பதினான்கு பேரையும் மறுபடி குத்தவேண்டும்.

அந்தப் பதினான்கில் கடைசி வீடு தையல்காரம்மாவுடையது. எண்பத்திரண்டு வயது, படுத்த படுக்கை. நாற்பது வருஷம் மிஷின் மிதித்தவர். நூலைவிட மெல்லிய நரம்பு அவருக்கு. அதைத் தேடிப் பிடிக்க ஊசியக்காவுக்குக் கால்மணி நேரம் ஆகும். மறுநாள் போய் நின்றதும் அந்தம்மா கேட்டாராம்:

“நேத்து எடுத்தது என்னாச்சும்மா? குடிச்சிட்டியா?”

“வண்டி மக்கர் பண்ணிடுச்சும்மா. லேட்டாயிடுச்சு.”

“நானும் ஊசி புடிச்சவதான். ஒரே எடத்துல ரெண்டு தடவ குத்தினா துணியே கிழியும். இது தோலு.”

இதை என்னிடம் சொல்லும்போது ஊசியக்காவின் மூக்கு விடைத்தது. அழுகை இல்லை, கோபம். அவளுக்கு அழுகை வரும் வழியும் கோபம் வரும் வழியும் ஒன்றுதான். கோபம் முன்னால் வந்துவிடும்.

பேட்டரிக் கடைக்காரரிடம் போனாள். குரலை உயர்த்தவே தெரியாத மனிதர் அவர். அவரோடு சண்டை போடுவது தலையணையைக் குத்துவது மாதிரி. நான் புதுச் செல் வாங்கும் சாக்கில் கூடவே போயிருந்தேன். கடிகாரத்துக்குத்தான், நிஜமாகவே நின்றுபோயிருந்தது.

“தங்கச்சி, பேட்டரி நல்லாத்தான் இருக்கு,” என்றார் அவர். “ராத்திரி சார்ஜ்ல போட்டேன், கும்முனு ஏறிடுச்சு.”

“நல்லா இருக்கிறது ஏன் ஒன்றரை நாள்ல படுத்துக்குது?”

“சோறு போட்டாத்தானே எழுந்து நிக்கும்? வண்டி ஓடும்போது அதுதான் பேட்டரிக்குச் சோறு ஊட்டணும். உங்க வண்டி ஊட்டல. வாங்கித் தின்னுது, திருப்பிக் குடுக்கல.”

“அப்ப போன மாசம் வரைக்கும் யாரு ஊட்டினா?”

“அது உங்க வீட்டு விஷயம் தங்கச்சி.”

“வீட்டு விஷயமா? யோவ், பழைய சரக்கைத் தூசி தட்டிக் குடுத்துட்டு வீட்டு விஷயம்னா சொல்றே?”

“சரி தங்கச்சி, புதுசே தர்றேன்,” என்றார் அவர், அதே குரலில். புதுசும் ஒன்றரை நாளில் படுத்தது. பெட்டி இரண்டாவது தடவையாகத் திரும்பி வந்தது. கூடத்து மேலாளர் போனில் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் என்பதால் ஜன்னல் வழியே எனக்கும் சேர்த்தே பேசினார்:

“ரெண்டு தடவ ஆச்சும்மா. இன்னொரு தடவ பெட்டி பத்துக்கு மேல வந்தா ரூட்டை வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன். பஸ்ல வர்ற ஆறு வீட்டை மட்டும் நீ பாத்துக்க.”

“சார், வண்டி ரிப்பேரு சார்—”

“ரத்தத்துக்கு அது தெரியாதும்மா.”

போனை வைத்துவிட்டாள். தையல்காரம்மா வீட்டுக்கு மறுநாள் மறுபடி குத்தப் போனபோது, கையைப் பிடித்துக்கொண்டு, “இதுதான் கடைசி. இனிமே ஒரு பரிசோதனைக்கு ஒரு தடவைதான் குத்துவேன். சத்தியம்,” என்று சொல்லிவிட்டு வந்தாள். சத்தியத்தை வாங்கிக்கொண்ட கிழவி, “வண்டியைக் கேட்டுட்டுச் சத்தியம் பண்ணு,” என்றாராம்.

அப்புறம் மெக்கானிக். அவனுக்குத் தீப்பெட்டி என்று பெயர், உரசினால் போதும். எங்கள் வாசலிலேயே வண்டியைப் பிரித்துப் போட்டான். இன்ஜின் சுற்றும்போது கரண்ட் தரும் காயிலைச் சோதித்தான், கரண்ட் வந்தது. ரெகுலேட்டரைக் கழற்றினான். காயிலில் வரும் கரண்ட்டைப் பக்குவப்படுத்தி பேட்டரிக்கு அனுப்புகிற உள்ளங்கை அளவு அலுமினியக் கட்டி அது. அதைத் தன் வண்டியில் மாட்டிப் பார்த்தான். அங்கே ஜம்மென்று வேலை செய்தது. எதற்கும் இருக்கட்டும் என்று புதுசு ஒன்று கொண்டுவந்தான். ஒயரையெல்லாம் மாற்றினான்.

வேலை நடந்தபோது மூணு கோட்டு ஒரு துணியை வைத்துக்கொண்டு அவன் கை போன இடமெல்லாம் பின்னால் துடைத்துக்கொண்டே வந்தார்.

“தம்பி, ஸ்க்ரூடிரைவரை அங்க வைக்காதீங்க, கீறும்.”

“வைக்கல அண்ணே.”

“தம்பி, ஸ்பேனரு வழுக்குது.”

“அண்ணே, என்னை வேல செய்ய விடுங்க.”

“அந்தக் கட்டியை நேரா இரும்பு மேல வெச்சு முடுக்கினா பெயிண்ட் பொரிஞ்சிடும். இருங்க.” உள்ளே ஓடினார். பழைய சைக்கிள் டியூபில் அளவாக ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தார். அழகாக, கத்திரியில் ஓரம் நேராக்கி. “இதை அடியில வெச்சு முடுக்குங்க. ஆட்டமும் இருக்காது, கீறலும் விழாது.”

தீப்பெட்டியின் நெற்றி நரம்பு என் ஜன்னல் வரை தெரிந்தது. “குடுங்க. உங்க வண்டி, உங்க டியூபு. மெத்தையே வேணும்னாலும் போடுறேன்.” ரப்பரை வைத்து, புதுக் கட்டியை அதன்மேல் வைத்து, பச்சைப் போல்ட்டு இரண்டையும் போட்டு முடுக்கினான். “எல்லாம் நல்லா இருக்கு. பேட்டரி நல்லா இருக்கு, காயில் நல்லா இருக்கு, ஒயர் புதுசு, ரெகுலேட்டர் புதுசு. இதுக்கு மேல படுத்துச்சுன்னா வண்டியைத் தூக்கி ஆஸ்பத்திரியில போடுங்க.”

“படுக்காதுல்ல?” என்றாள் ஊசியக்கா.

“அக்கா, ஒவ்வொரு வீட்லயும் ஆஃப் பண்ணாம விட்டுப் பாருங்களேன்.”

“நான் உள்ள கிழவி கையைப் புடிச்சு நரம்பு தேடிக்கிட்டிருப்பேன், வண்டி வெளிய உறுமிக்கிட்டே நிக்கும். எவனாவது ஏறி உக்காந்து ஓட்டிட்டுப் போனா, பெட்டியோட போகட்டுமா? பதினாலு பேரு ரத்தத்தோட?”

தீப்பெட்டி போனதும் மூணு கோட்டு மெதுவாக வாயைத் திறந்தார். திறந்திருக்கக் கூடாது.

“எனக்கு என்னமோ நீ செல்ஃபை அமுக்குற விதம்தான் சரியில்லன்னு தோணுது. ரொம்ப நேரம் அமுக்குற. ஹாரனும் ஓயாம அடிக்கிற.”

சமையலறையில் ஒரு தட்டு விழுந்தது. தானாக விழவில்லை.

“என் கையா? என் கைலதான் கோளாறா?”

“கோவப்படாத. சொல்றேன். பொத்தானைப் பூ மாதிரி தொடணும்.”

“பதினாலு பேரு நரம்புல பூ மாதிரி ஊசி ஏத்துற கைங்க இது! பொத்தானை அமுக்கத் தெரியாதா இந்தக் கைக்கு? எட்டு நாள் ஊர்ல இல்ல, வந்து பாத்தா வண்டி பச்சையா நிக்குது, அப்ப இருந்துதான் சனியன் புடிச்சுது!”

“பெயிண்ட்டைக் குத்தம் சொல்லாத!” அவர் குரலும் ஏறிவிட்டது. இருபது வருஷத்தில் நான் அதைக் கேட்டதில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். “என்னை வேணா சொல்லு. பெயிண்ட்டைச் சொல்லாத. மேல பூசுறதுக்கும் உள்ள ஓடுற கரண்டுக்கும் என்ன சம்பந்தம்? முகத்துல பவுடர் போட்டா வயித்த வலி வருமா?”

நல்ல கேள்வியாகத்தான் இருந்தது. அன்று அந்த வீட்டில் ரேடியோகூட வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அவருக்கு போன் வந்தது. அவர் காதில் வைத்திருந்தார். எனக்கு மாடியில் கேட்டது.

“காய்கறிக் கடைக்கு முன்னால நிக்கிறேன். நட்ட நடு ரோட்டுல. பதிமூணு வீடு தள்ளித் தள்ளி ஓட்டிட்டேன், தையல்காரம்மா கிட்டயும் எடுத்தாச்சு. இப்ப தள்ளினாலும் எடுக்கல. உங்க பச்சை வண்டியை வந்து தூக்கிட்டுப் போங்க! வரும்போது அந்தத் தீப்பெட்டியையும் கூட்டிட்டு வாங்க, ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்கவெச்சுப் பேசணும்!”

அவர் சைக்கிளை எடுத்தார். வாசலில் நின்று மேலே பார்த்தார்.

“சார், தள்ள ஒரு கை குறையும்.”

பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவர் மிதித்த வேகத்தில் என் மூக்குக்கண்ணாடி காதுக்குப் பின்னால் போய்விட்டது. வழியில் தீப்பெட்டியின் பட்டறை. அவன் வாயில் வைத்த டீயைத் துப்பிவிட்டு, ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே ஓடிவந்தான். அந்த அளவுக்கு அவனுக்குக் கோபம்.

காய்கறிக் கடைக்கு முன்னால் கூட்டம். நடுவில் பச்சை வண்டி, இலையில் விழுந்த வெயில்போல மின்னிக்கொண்டு நின்றது. அத்தனை அழகான ஒன்று அத்தனை கேவலமாக நின்று நான் பார்த்ததில்லை. ஊசியக்கா ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. ஐஸ் பெட்டியின்மேல் ஒரு கையை வைத்திருந்தாள்.

“மணி என்ன?” என்றாள். முதல் கேள்வியே அதுதான்.

“ஒம்போது அஞ்சு,” என்றேன்.

“இங்கிருந்து அரைமணி நேரம் ஆகும். வழியில ரெண்டு சிக்னல், ஒரு ரயில்வே கேட்டு. என்னை ஒம்போதேகாலுக்கு அனுப்புங்க.”

“பெட்டியை ஆட்டோல அனுப்பிடலாமே,” என்றார் காய்கறிக் கடைக்காரர்.

“கேட்டு போட்டுட்டா ஆட்டோ அங்கியே நிக்கும். ரெண்டு சக்கரம்னா ஓரமா நடபாதைல தள்ளிட்டுப் போயிடலாம். உங்க ரத்தமும் பெட்டில இருக்குங்க, சும்மா இருங்க.”

நானும் மூணு கோட்டும் காய்கறிக் கடைக்காரரும் சேர்ந்து தள்ளினோம். சரிவுப் பக்கமாக, அறுபது அடி. என் முழங்கால்கள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தன. வண்டி இருமியது, இன்னொரு தரம் இருமியது, கிளம்பியது. ஊசியக்கா ஆக்சிலேட்டரைத் திருகிப் பிடித்தாள். கோபத்தில் இடது கட்டைவிரல் ஹாரனை அமுக்கியது. ஹாரன் கொசு மாதிரி ‘ங்ங்ங்’ என்றது.

“கேளு!” என்றாள் தீப்பெட்டியிடம். “நல்லாக் கேளு! இதுவா புதுசு? இதுவா எல்லாம் நல்லா இருக்கு? ரயில்வே கேட்டுல நின்னா மறுபடி யாரு தள்ளுவா, நீ வர்றியா?”

“அக்கா, சும்மா என்னைப் பேசாதீங்க! நான் போட்டது புதுசு!”

“புதுசுனு அட்டைல எழுதியிருந்துச்சா?”

போதும், உரசிவிட்டாள். தீப்பெட்டி ஸ்பேனரை எடுத்தான். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே குனிந்து இரண்டு போல்ட்டையும் கழற்றி, ஒயரோடு அந்தக் கட்டியை வெளியே இழுத்தான். ரப்பர் துண்டு கீழே விழுந்தது.

“இந்தா பாருங்க! பாருங்க சார், நீங்க பெரியவரு, பாருங்க! ஒரு கீறல் இருக்கா? பழசா இது?” என்று என் முகத்துக்கு நேரே ஆட்டினான். ஸ்க்ரூடிரைவரை டேங்க்கின்மேல் வைக்கப்போனான்.

“டேங்க் மேல வைக்காத, கீறும்!” என்று ஊசியக்கா கத்தினாள்.

அந்தக் கத்தலில் மூணு கோட்டு சட்டென்று தலையைத் தூக்கிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கட்டைவிரல் இன்னும் ஹாரனிலேயே இருந்தது, கொசு இன்னும் அழுதுகொண்டே இருந்தது.

“கடையை மூடிட்டுப் போறேன்! எனக்கு இந்தத் தொழிலே வேணாம்!” என்று தீப்பெட்டி கையிலிருந்த கட்டியை இன்ஜினின்மேல் ஓங்கி அடித்து வைத்தான்.

ஹாரன் அலறியது.

கொசு யானையாகிவிட்டது என்றால் அது குறைத்துச் சொல்வது. காய்கறிக் கடையில் தக்காளிக் குவியல் சரிந்தது. முன் விளக்கு பகல் வெளிச்சத்திலும் கண்ணைக் குத்தியது. ஊசியக்கா பயந்து விரலை எடுத்தாள். எல்லோரும் கட்டியைப் பார்த்தோம். அது இன்ஜினின் பளபளவென்ற வெறும் அலுமினியத்தின்மேல் உட்கார்ந்திருந்தது.

தீப்பெட்டி அதை மெல்லத் தூக்கினான். “அக்கா, ஹாரன் அடிங்க.”

‘ங்ங்ங்.’

இன்ஜின்மேல் வைத்தான். “இப்ப.”

யானை.

மறுபடி தூக்கினான். கொசு. வைத்தான். யானை. கடைக்காரர் ஒரு தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்தார். தீப்பெட்டி கட்டி இருந்த இடத்தைத் தடவினான், பச்சை. போல்ட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தான், திருகு மரையெல்லாம் பச்சை. ஓட்டைக்குள் விரலை விட்டான், ஓட்டைக்குள்ளும் பச்சை. கீழே கிடந்த ரப்பரை எடுத்தான். அவன் முகத்தில் கோபம் வடிந்துபோய், அந்த இடத்தில் வெட்கம் வந்தது.

“எர்த் இல்லக்கா,” என்றான். “இந்தக் கட்டிக்குத் தனியா எர்த் ஒயர் கெடையாது. அதோட உடம்பு வண்டியோட இரும்புல ஒட்டினாத்தான் கரண்ட்டு சுத்தி வரும். இரும்பே படல. பெயிண்ட்டு. அதுக்கு மேல... நானும் ரப்பரை வெச்சு முடுக்கிட்டேன். என் வண்டில வெறும் இரும்புல வெச்சதால ஓடுச்சு.”

ஊசியக்கா ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினாள்.

“அந்த ஓட்டைக்குள்ள எத்தனை கோட்டு?”

மூணு கோட்டு கையைத் தூக்கினார். மூன்று விரலைக் காட்டினார்.

“பத்து நாள்,” என்றாள். சத்தமே போடவில்லை. நான் அப்போதுதான் பயந்தேன். “பேட்டரிக்கடை அண்ணனைத் திருடன்னு சொன்னேன். இவனை வாய்க்கு வந்தபடி பேசினேன். என் கையில ராசி இல்ல போலன்னு நேத்து ராத்திரி நானே நெனச்சேன். அந்தம்மா கையைத் திரும்பத் திரும்பக் குத்தினேன். நீங்க என்ன சொன்னீங்க? பூ மாதிரி அமுக்கணும். அதானே?”

“தெரியாதும்மா...”

“தெரியாதுன்னு தெரியுது! தெரியாதவரு எதுக்கு என் கையைச் சொன்னீங்க?”

“ஒம்போது பன்னெண்டு,” என்றேன். கடமை.

“சுரண்டு,” என்றாள் தீப்பெட்டியிடம்.

அவன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். மூணு கோட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தார். கூட்டமே மூச்சை இழுத்தது. கடைக்காரர் தக்காளியை ஓங்கியேவிட்டார்.

“விடுங்க அண்ணே!”

“நீ சுரண்டினா கோடு விழும்,” என்றார். “நானே எடுக்கறேன்.”

சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் பட்டித் தகட்டை எடுத்தார், சுவரைச் சுரண்டுகிற தகடு. ரோட்டில் முட்டி போட்டார். மூன்று கோட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தார், பச்சைச் சுருள் சுருளாக. அதற்கும் கீழே அவரே பூசிய சாம்பல் நிற அடிப்பூச்சு. அதற்கும் கீழே இரும்பு. இரும்பு வெள்ளையாகச் சிரித்தது. ஓட்டைக்குள் உப்புத்தாளைச் சுருட்டி விட்டுத் திருகினார். போல்ட்டின் மரையைப் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். தன் வேலையைத் தானே அழிக்கிறவரின் முகத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. ஊசியக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் மூக்கு விடைத்தபடியே இருந்தது.

தீப்பெட்டி கட்டியை வெறும் இரும்பில் வைத்து முடுக்கினான். ஹாரன் அலறியது. மணி ஒன்பது இருபத்திரண்டு.

அவள் பெட்டியின் பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். வண்டி போன வேகத்தில் ரோட்டோரப் போஸ்டர்கள் உரிந்து வந்தன. மூணு கோட்டு அதே இடத்தில் முட்டி போட்டபடி கீழே உதிர்ந்த பச்சைச் சுருள்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ரோடு அசிங்கமாகிவிடுமாம்.

பத்து மணிக்கு நான் வீட்டில் இருந்தேன். பத்தே காலுக்கும் போன் வரவில்லை. கீழே அவர் வாசலில் உட்கார்ந்து போனைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தரைக்கு மணி அடித்தது.

“ஒம்போது அம்பத்தேழு,” என்றாள். “வாங்கிட்டாங்க. கேட்டு போட்டிருந்தான். தள்ளிட்டு ஓடினேன். அந்தப் பக்கம் போய் அமுக்கினேன், ஒரே அமுக்கு. பூ மாதிரியெல்லாம் இல்ல, நல்லா ஓங்கி அமுக்கினேன்.” போனை வைத்துவிட்டாள்.

வரும் வழியில் பேட்டரிக் கடையில் இறங்கி, “தப்பு எங்க வீட்டு விஷயம்தான் அண்ணே,” என்று சொன்னாளாம். அவர், “பரவால்ல தங்கச்சி,” என்றாராம், அதே குரலில். வீட்டில் மட்டும் அன்றைக்கு ஒரு வார்த்தை கிடையாது. மூணு கோட்டுக்குச் சோறு வந்தது, தட்டு தரையில் பட்ட சத்தத்தில் என் வீட்டுக் கடிகாரம் ஐந்து நிமிடம் முன்னால் ஓடியது.

சாயங்காலம் தீப்பெட்டி வந்தான். வாசலில் நின்றே சொன்னான்: “அண்ணே, அந்த எடம் வெறும் இரும்பு. மழைக்குத் துரு ஏறும். பெயிண்ட் டப்பா அந்தப் பக்கமே போகக் கூடாது, சொல்லிட்டேன். முடுக்கின எடத்தைச் சுத்தி வாஸ்லின் களிம்பு தடவுங்க, போதும்.”

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜன்னலில் நின்றேன். ஊசியக்கா ஹெல்மெட் போட்டு, பெட்டியைக் கட்டி, வண்டிமேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். மூணு கோட்டு கீழே குனிந்திருந்தார். கையில் ஜன்னல் ஓரத்துக்கு அடிக்கும் மெல்லிய தூரிகை, பக்கத்தில் வாஸ்லின் டப்பா.

“என்ன பண்றீங்க?” முந்தின நாளிலிருந்து அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

“ரெண்டு கோட்டு ஆச்சு.”

“ஒரு கோட்டு போதும். நேரமாச்சு.”

“இரும்மா. ரெண்டாவது காயட்டும்.”

“வாஸ்லின் காயாதுங்க!”

அவர் தூரிகையைத் தூக்கியபடி யோசித்தார். அந்த யோசனை முடிவதற்குள் அவள் ஹாரனை அமுக்கினாள். ஓங்கி அமுக்கினாள், எடுக்கவே இல்லை. ஆறு தெருவிலும் பதினான்கு வாசல்களில் பதினான்கு பேர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டார்கள்.